ஆஸ்திரேலிய கிளப் கிரிக்கெட்டில் பேட்டிங் ஏன் மெலிந்துவிட்டது?

கேள்வி இது: ஆஸ்திரேலியாவில் கிளப் மட்டத்தில் பேட்டிங் தரம் இறங்கிவிட்டதாகப் பழைய ஆட்டக்காரர்கள் சொல்வது உண்மையா, டி20தான் காரணமா, அங்கே கிளப்பில் ஆடும் 12 வயதுப் பிள்ளைக்குப் பெற்றோர் என்ன செய்யலாம்?

இறங்கியிருப்பது உண்மை. ஆனால் எல்லாப் பழியையும் டி20 மேல் போடுவது சோம்பேறித்தனம். இப்போதைய பிள்ளைகளிடம் ஷாட்டுக்குப் பஞ்சமே இல்லை. 15 வயதில் ரேம்ப் (கீப்பர் தலைக்கு மேல் தூக்கும் ஷாட்) அடிக்கிறார்கள், ஸ்பின்னரை இறங்கிவந்து கூரை மேல் தூக்குகிறார்கள். காணாமல் போனது ஒன்றே ஒன்று: இரண்டரை மணி நேரம் கிரீஸில் நிற்கும் பழக்கம். அது காணாமல் போன வழி ஷாட் வழியல்ல, கணக்கு வழி. ஒரு பிள்ளை 16 வயதுக்குள் உண்மையான பந்துவீச்சாளரிடமிருந்து, அவுட்டானால் உட்கார வேண்டும் என்ற நிலையில், எத்தனை பந்தைச் சந்தித்திருக்கிறான் என்று எண்ணினால் பாதி விஷயம் விளங்கிவிடும்.

இந்தப் பேச்சு எழும்போதெல்லாம் 2011 கேப் டவுனில் 47, 2015 டிரென்ட் பிரிட்ஜில் 60, 2016 ஹோபார்ட்டில் 85 என்று ஆஸ்திரேலியாவின் டெஸ்ட் சரிவுகளை அடுக்குவார்கள். அவை நல்ல சாட்சியங்கள் அல்ல. பந்து அப்படி விலகிய, எழும்பிய நாட்களில் எந்த நாட்டு அணியும் விழும். மாநில அணிகள் மோதும் ஷெஃபீல்டு ஷீல்டில் ரன் குறைந்திருப்பதையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது; பச்சைப் பிட்சும் பந்தின் தையலும் அதில் பங்கு வகிக்கின்றன. சாட்சி வேண்டுமென்றால் சனிக்கிழமை சிட்னியிலோ மெல்பர்னிலோ ஒரு மூன்றாம் கிரேடு (கிளப்பின் மூன்றாம் நிலை அணி) ஆட்டத்துக்குப் போங்கள். 20, 25, 18, 31 என்று நன்றாகத் தொடங்கிய ஸ்கோர்கள் வரிசையாக இருக்கும். நூறு தாண்டியவரைத் தேட வேண்டியிருக்கும்.

கணக்குக்கு வருவோம். 13 வயதுக்குட்பட்டோர் அணி ஒன்று. 12 பிள்ளைகள், வாரம் ஒரு மாலை, 90 நிமிடம், இரண்டு நெட் (வலை கட்டிய பயிற்சிக் கூண்டு). ஒரு நெட்டுக்கு ஆறு பேர். ஆளுக்கு 15 நிமிடம் என்று தோன்றும். ஆனால் பேட் கட்ட, ஹெல்மெட் மாட்ட, பந்து பொறுக்க மூன்று நான்கு நிமிடம் போய்விடும். மிஞ்சுவது 11 நிமிடம். ஐந்து பேர் வீசினால் நிமிடத்துக்கு ஐந்து பந்து வைத்தாலும் 55. அந்த வயதுப் பந்துவீச்சில் மூன்றில் ஒன்று எட்டாத வைடு அல்லது இரண்டு முறை குதிக்கும் பந்து. ஆக 35 நல்ல பந்து. ஞாயிறோ சனியோ ஆட்டத்தில் இன்னொரு 20 அல்லது 30. அக்டோபரிலிருந்து மார்ச் வரை சீசன். நடுவே கிறிஸ்துமஸ் விடுமுறை, மழை. ஒரு முழு சீசனில் ஆயிரத்துச் சொச்சம் பந்து. வீட்டுக் கொல்லையில் அண்ணன் தம்பி இரண்டு பேர் ஒரு விடுமுறை வாரத்தில் முடித்துவிடும் எண்ணிக்கை அது.

அந்தக் கொல்லைதான் ஆஸ்திரேலியாவின் பழைய பள்ளிக்கூடம். அடிலெய்டில், பின்னாளில் டெஸ்ட் வீரர்களான சாப்பல் சகோதரர்கள் வீட்டுக் கொல்லையில் கடினப் பந்தில் ஆடி வளர்ந்தவர்கள். பவ்ரலில் பிராட்மன் ஸ்டம்பும் கோல்ஃப் பந்தும் வைத்துத் தண்ணீர்த் தொட்டியின் செங்கல் அடிச்சுவரில் அடித்து அடித்துப் பழகியது எல்லோருக்கும் தெரிந்தது. வேலிக்கு வெளியே அடித்தால் அவுட் என்ற நம் தெரு விதி அங்கேயும் உண்டு. தரையோடு அடிக்கவும் இடைவெளி தேடவும் அந்த ஒரு விதி கற்றுக்கொடுத்த அளவுக்கு எந்தப் பயிற்சியாளரும் கற்றுக்கொடுக்கவில்லை. இப்போது புதுப் புறநகர்களில் மனை சுருங்கி, வீடு பெருத்து, கொல்லை ஒரு துணிக்கொடி அளவுக்கு வந்துவிட்டது. இழந்ததைக் கிளப் ஈடு செய்திருக்க வேண்டும், செய்யவில்லை.

இங்கே பலர் ஒரு தவறான இடத்தைச் சுட்டுகிறார்கள்: கிரிக்கெட் ஆஸ்திரேலியா கொண்டுவந்த புதிய ஜூனியர் ஆட்டமுறை. சிறு பிள்ளைகளுக்கு 16 மீட்டர் பிட்ச், அணிக்கு 7 பேர். அடுத்த கட்டத்தில் 18 மீட்டர், 9 பேர். அப்புறம்தான் முழு நீளமும் 11 பேரும். இதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. 20 மீட்டரில் 10 வயதுப் பிள்ளை வீசும் பந்து வானத்தில் வளைந்து வரும், இல்லை உருண்டு வரும். அதை எதிர்கொள்ளும் பேட்ஸ்மேன் கற்பது லெக் பக்கம் வாரி அடிக்கும் ஒரே ஷாட். 16 மீட்டரில் பந்து நேராக, இடுப்புக்குக் கீழே வருகிறது. முன்காலை நீட்டி ஆட ஒரு காரணம் கிடைக்கிறது.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. எல்லோருக்கும் வாய்ப்பு என்பதற்காக, குறிப்பிட்ட பந்துகள் ஆனதும் ஓய்வு என்று பல சங்கங்கள் விதி வைத்திருக்கின்றன. கீழ்க் கட்டத்தில் அவுட்டானாலும் தொடர்ந்து ஆடலாம். 9 வயதுக்கு இது சரி. முதல் பந்தில் அவுட்டாகி இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தால் பிள்ளை அடுத்த வருஷம் கால்பந்துக்குப் போய்விடும். ஆனால் அதே மனநிலை 13, 14 வரை நீண்டால், திறமையுள்ள பிள்ளை 30 பந்தில் என்ன எடுக்க முடியுமோ எடுத்துவிட்டு வெளியே வருவதையே இன்னிங்ஸ் என்று நினைத்துக்கொள்கிறான். 70ஆவது பந்தில் கால் கனக்கும்போது, பழைய பந்து திரும்பத் தொடங்கும்போது, பீல்டிங் கேப்டன் அடிக்கும் பக்கத்தை அடைத்துவிட்டபோது என்ன செய்வது என்று அவனுக்குத் தெரிய வாய்ப்பே இல்லை.

இரண்டாவது தொல்லை, பிட்ச். ஜூனியர் ஆட்டங்களும் கீழ்நிலை ஆட்டங்களும் பெரும்பாலும் காங்கிரீட்டின் மேல் ஒட்டிய செயற்கைப் புல்லில் நடக்கின்றன. பந்து உயரமாக, ஒரே மாதிரி எழும்பும்; தையலில் பட்டு விலகுவது குறைவு. அதில் லெங்த் பந்தைக்கூட (முன்னே போவதா பின்னே போவதா என்று குழப்பும் தூரத்தில் விழுவது) விட்டுவிடலாம், ஸ்டம்புக்கு மேலே போகும். நல்ல லெங்த்தில் வந்ததை நின்ற இடத்திலிருந்தே, கடினமான கைகளோடு, பந்தின் வழியே ஓங்கி அடிக்கலாம். 15 வயதில் அதே பிள்ளை சிட்னியில் கிரீன் ஷீல்டு, விக்டோரியாவில் டவ்லிங் ஷீல்டு போன்ற 16 வயதுக்குட்பட்டோர் போட்டிக்கோ நகரின் மேல்மட்ட பிரீமியர் கிளப்புக்கோ போகிறான். அங்கே இயற்கைப் புல் பிட்ச். காலை ஈரத்தில் பந்து அரை பேட் அகலம் விலகுகிறது, இரண்டில் ஒன்று தாழ்கிறது. அவன் அடிக்கும் அதே டிரைவ் ஸ்லிப்பில் கேட்ச், அவன் விடும் அதே பந்து எல்பிடபிள்யூ. பிராட்மனும் காங்கிரீட்டில் பாய் விரித்து ஆடி வளர்ந்தவர்தானே என்று கேட்கலாம். ஆமாம். ஆகவே செயற்கைப் பிட்சே குற்றவாளி இல்லை. அதிலிருந்து புல்லுக்கு மாறும் காலத்தைத் திட்டமிடாததுதான் குற்றம். புது சீசனுக்கு முன், ஆகஸ்ட் செப்டம்பரில், புல் நெட் கிடைக்கும் கிளப்பில் ஆறு ஏழு மாலைகளாவது கேட்டு வாங்குங்கள். அந்த மாலைகளில் ரன் அடிக்கப் பழக வேண்டாம். ஆஃப் ஸ்டம்ப் எங்கே இருக்கிறது, எதை விடலாம், கண்ணுக்குக் கீழே தளர்ந்த கையோடு எப்படித் தடுப்பது, இவ்வளவு போதும்.

நெட் பயிற்சி நடத்தும் முறையைத்தான் நான் மிகவும் குறை சொல்வேன். ஐந்து பேர் வரிசையில் நின்று ஆளுக்கு ஒரு பந்து வீசுகிறார்கள். ஒரே வீச்சாளரின் ஆறு பந்தைத் தொடர்ந்து சந்திப்பது நெட்டில் நடப்பதே இல்லை. ஆட்டத்தில் ஓவர் என்பது ஒரு உரையாடல்: இரண்டு வெளியே போட்டு மூன்றாவதை உள்ளே கொண்டுவருவான், நான்காவதை ஷார்ட்டாகப் போட்டு ஐந்தாவதைக் காலடியில் போடுவான். அதைப் படிக்க நெட்டில் இடமில்லை. போதாக்குறைக்கு வீச்சாளர்கள் கோட்டைத் தாண்டி இரண்டடி முன்னே வந்து வீசுகிறார்கள், எல்லாப் பந்தும் ஒரே பழசு. அவுட்டானால் 'சரி, ஆடு' என்கிறார்கள்.

மாற்றச் செலவே இல்லை. ஓவராக வீசச் சொல்லுங்கள். ஒருவர் ஆறு பந்து முடித்த பிறகே அடுத்தவர். கிரீஸில் சுண்ணாம்புக் கோடு போட்டு, தாண்டினால் நோ பால் என்று உரக்கச் சொல்லுங்கள். ஒரு புதுப் பந்து, ஒரு 40 ஓவர் பந்து தனித்தனியாக வைத்திருங்கள்; முதல் இரண்டு ஓவர் புதிது. பீல்டிங் எங்கே என்று ஓவருக்கு முன் வீச்சாளர் சொல்ல வேண்டும், பேட்ஸ்மேன் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அவுட்டானால் ஐந்து நிமிடம் வெளியே, அடுத்தவர் உள்ளே. முதல் வாரம் அழுகையும் கோபமும் இருக்கும். நான்காவது வாரம் விக்கெட்டுக்கு ஒரு விலை வந்துவிடும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நெட்டை விட்டு நடு மைதானத்தில், ஜோடிக்கு ஐந்து ஓவர் என்று ஆறு ஜோடி. 30 ஓவர், ஒன்றே முக்கால் மணி நேரம். பந்து எண்ணிக்கை குறையும், ஆனால் ஓடி எடுக்கும் ஒற்றை ரன்னை நெட்டில் கற்க வழியே கிடையாது.

ஸ்பின்னுக்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள். செயற்கைப் பிட்சில் ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே, நல்ல லெங்த்தில், ஒரு சொரசொரப்பான ரப்பர் மிதியடியைப் போட்டால் தேய்ந்த மண் போல நடந்துகொள்ளும். சில பந்து திரும்பும், சில வழுக்கும். விளிம்பில் பட்டு எகிறும் பந்துக்காக ஹெல்மெட் கட்டாயம். ஸ்விங்குக்கு டென்னிஸ் பந்தின் ஒரு பாதியில் மட்டும் மின்வேலை டேப் ஒட்டினால் போதும்.

தனியார் உள்ளரங்கப் பயிற்சியில் பணம் கரைவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். சிட்னி, மெல்பர்ன் புறநகர்களில் நம் பெற்றோர் இதில் தாராளமாகச் செலவழிக்கிறார்கள். அரை மணி நேரம் பந்து வீசும் இயந்திரம், ஒரே லெங்த், ஒரே வேகம், 150 கவர் டிரைவ். பார்க்க அழகு. ஆனால் பேட்ஸ்மேன் வேகத்தையும் லெங்த்தையும் ஊகிப்பது வீச்சாளரின் ஓட்டம், தோள், மணிக்கட்டு, பந்து கையை விடும் கணம் இவற்றைப் பார்த்து. இயந்திரத்தில் இவை எதுவுமில்லை. ஒரு குறிப்பிட்ட ஷாட்டைச் சரிசெய்ய 24 பந்து போதும். மீதி நேரத்தில் பயிற்சியாளர் சைட் ஆர்ம் குச்சியால் (நுனியில் பந்தைக் கவ்வி எறியும் கருவி) 15 மீட்டரிலிருந்து லெங்த் மாற்றி மாற்றி எறியட்டும். அதிலும் ஒரே லெங்த்தில் எறிந்தால் அதே நோய்தான்.

பேட் எடையில் பெற்றோர் செய்யும் பிழை பெரியது. 'இரண்டு வருஷம் வரும்' என்று ஒரு சைஸ் பெரிதாக வாங்குகிறார்கள். கனமான பேட்டைக் கீழ்க்கைதான் தூக்கும். கீழ்க்கை ஆதிக்கம் வந்தால் பேட் குறுக்கே வரும், நேர் டிரைவ் மிட் ஆனுக்குப் போகும். மேல்கை ஒன்றால் மட்டும் பிடித்து, பேட்டை நேராக முன்னே நீட்டிச் சில நொடி ஆடாமல் வைத்திருக்க முடியாவிட்டால் அது அவனுக்கு அதிகக் கனம். ஜூனியர் பந்து 142 கிராம், பெரியவர் பந்து 156 கிராம். அந்த மாற்றம் வரும் வருஷத்திலேயே பேட்டையும் மாற்றாதீர்கள்.

மேல்மட்டம் செய்த பிழையும் கீழே வந்து சேர்ந்திருக்கிறது. 2009-10இல் மாநில இரண்டாம் அணிகளின் போட்டியை 23 வயதுக்குட்பட்டோருக்கானதாக மாற்றி, மூத்தவர்கள் ஒரு சிலருக்கே இடம் வைத்தார்கள். 26, 28 வயதில் பழுக்கும் பேட்ஸ்மேனுக்குக் கதவு குறுகிப்போனது. மைக் ஹஸி 2005இல் டெஸ்ட்டுக்குள் வரும்போது முதல்தர ஆட்டங்களில் 15,313 ரன் எடுத்திருந்தார், வயது 30. அப்படிப்பட்டவர்கள் காத்திருந்த காலத்தில் சனிக்கிழமை கிரேடு ஆட்டம் கனமாக இருந்தது. 19 வயது வேகப்பந்து வீச்சாளன் அவர்களுக்கு வீசிப் பழகினான். 17 வயது பேட்ஸ்மேன் எதிர்முனையில் நின்று பார்த்துக் கற்றான். இப்போது ஒப்பந்த வீரர்கள் கிளப்புக்கு வருவது அபூர்வம். முப்பதைத் தொட்டவர்கள் வேலை, குடும்பம் என்று முழுச் சனிக்கிழமையை விட்டுக்கொடுக்க முடியாமல் விலகுகிறார்கள். இளையவர்கள் இரண்டாம் கிரேடில் ரன் குவிக்கும் முன்பே முதல் கிரேடுக்கு ஏற்றப்படுகிறார்கள்.

இதனால் பெற்றோருக்கு நான் சொல்லும் முக்கிய ஆலோசனை: 16 வயதுப் பிள்ளையை இரண்டாம் கிரேடில் 8ஆவது இடத்தில் இறக்குகிறேன் என்று பெரிய கிளப் அழைத்தால் மறுத்துவிடுங்கள். நான்காம் கிரேடில் 3ஆவது இடம் தரும் கிளப்பே மேல். அடுத்தடுத்த இரண்டு சனிக்கிழமைகளில் நடக்கும் இரண்டு நாள் ஆட்டம் என்றால் இரண்டு வாரத்துக்கு ஒரே ஒரு இன்னிங்ஸ்தான் கிடைக்கக்கூடும். முதல் ஓவரில் அவுட்டானால் அடுத்த சனிக்கிழமை பீல்டிங் மட்டும். 8ஆவது இடத்தில் அதுவும் இல்லை. ஒரு நாள் ஆட்டம் மட்டுமே ஆடும் கிளப் என்றால் ஜனவரிப் பள்ளி விடுமுறையில் உள்ளுக்குள்ளேயே ஒரு இரண்டு நாள் ஆட்டம் நடத்தக் கேளுங்கள். ஓய்வு விதி வேண்டாம், ஓவர் வரம்பு வேண்டாம்.

ஒரு சிறு நோட்டுப் புத்தகம் வையுங்கள். ரன் எழுத வேண்டாம், அது ஸ்கோர் செயலியில் இருக்கும். சந்தித்த பந்து, அவுட்டான விதம், அந்தப் பந்தின் லெங்த், இந்த மூன்று மட்டும். எட்டு இன்னிங்ஸ் ஆனதும் படித்தால் நோய் தெரியும். 20க்கும் 35 பந்துக்கும் நடுவே மூன்று முறை அவுட் என்றால் அது பெரும்பாலும் கைத்திறன் குறை அல்ல, ஓய்வு விதி பழக்கிய உடம்பு; நெட்டில் அவனுக்கு 11 நிமிடத்துக்குப் பதில் மாதம் ஒருமுறை 40 நிமிடம் கொடுக்கச் சொல்லிப் பயிற்சியாளரிடம் பேசுங்கள். முதல் பத்து பந்துக்குள் லெங்த் பந்தில் ஸ்லிப் கேட்ச் என்றால் புல் பிட்ச் பயிற்சி போதவில்லை.