பட்டணம் காலியான கதை

அன்புள்ள ஐயா,

ஆஸ்திரியத் தத்துவவாதி விட்கன்ஸ்டைனைப் படிக்கத் தொடங்கியிருக்கிறேன். பேச முடியாததைப் பற்றி மௌனமாக இருக்கச் சொன்னவர், முதல் உலகப் போருக்கு ஏன் விரும்பிப் போனார்? போரை ஆதரித்தாரா, எதிர்த்தாரா? வீரம் ரத்தத்தில் ஊறிய தமிழனான எனக்கு அவருடைய முடிவு புரியத்தான் செய்கிறது.

வாசகர், தண்டையார்பேட்டை

அன்புள்ள தம்பி,

ஆதரவா, எதிர்ப்பா என்று பட்டிமன்றம் நடத்த எனக்குப் பொறுமையில்லை. குடலிறக்கத்தால் ராணுவ சேவையிலிருந்து விலக்குப் பெற்றிருந்தும் 1914 ஆகஸ்டில் தானாகச் சேர்ந்தார். செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் நம் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்தியபோது, அவர் போலந்துப் பக்கம் விஸ்துலா ஆற்றில் ஒரு ராணுவப் படகில் இருந்தார். வாக்கியம் உலகை எப்படிப் படம்பிடிக்கிறது என்று அந்த மாதமே குறிப்பேட்டில் எழுதினார். போதும்.

உங்கள் கடைசி வரிக்காகத்தான் இந்தப் பதில். ஹிட்லரைக் கொல்ல பிரிட்டன் தூண்டியதாக ஜெர்மனி குற்றம்சாட்டிய செய்தி 1939-ல் வந்தது. இருக்கலாம் என்றார் விட்கன்ஸ்டைன். உடன் நடந்த மாணவர் நார்மன் மால்கம், பிரிட்டிஷாரின் தேசிய குணத்துக்கு அது ஒவ்வாது என்றார். குருவுக்கு வந்த கோபம் லேசில் ஆறவில்லை. 1944-ல், போர் நடுவிலும், மால்கமுக்கு எழுதிய கடிதத்தில் அதைக் கிளறுகிறார்: இத்தகைய ஆபத்தான சொற்றொடர்களிடம் எச்சரிக்கையாக இருக்கக் கற்றுத்தராத தத்துவப் படிப்பால் என்ன பயன்?

ரத்தத்தில் ஊறிய வீரமும் அந்த வகைதான். யார் ரத்தம், எந்த நாள், யாருக்கு எதிராக? ஒன்றுக்கும் பதில் வராது. ஆனால் கைதட்டல் வரும்.

என் ஆயா ராயபுரத்தில் மீன் விற்றவள். 1942 ஏப்ரலில் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் ஜப்பான் குண்டு போட்டதும் ‘பட்டணமே காலி’ என்று பேச்சு. வசதியுள்ளவர்கள் ரயிலேறினார்கள். மண்ணடியில் அவளுடைய வாடிக்கை வீடுகள் பூட்டிக் கிடந்தன, மீன் பாக்கியைத் தராமலே போயிருந்தார்கள். ஜப்பான்காரனைவிட அவர்களைத்தான் அவள் கடைசிவரை திட்டினாள். இன்றும் அந்த நாட்களைப் பற்றி எழுதுகிறவர்கள் ‘நகரமே வெளியேறியது’ என்கிறார்கள். கூடையோடு தெருவில் நின்றவள் நகரமில்லையா? பொய் என்று யாரும் மறுக்கத் தோன்றாத வாக்கியம் அது, அதனால்தான் எனக்கு எரிகிறது. போர்க்காலத்தில் இப்படித்தான் பாதி ஜனங்களை ஒரு வாக்கியம் துடைத்துவிடுகிறது. அதற்கு ஒரு தோட்டாகூடத் தேவையில்லை.

நல்ல பிள்ளை நீங்கள், படிக்கிறீர்கள். மால்கம் எழுதிய நினைவு நூல் சிறியது, அதிலிருந்து தொடங்குங்கள். வீட்டில் மூத்தவர்கள் இருந்தால், 1942-ல் உங்கள் குடும்பம் ரயிலேறியதா, தங்கியதா என்று விசாரித்து எழுதுங்கள். ரத்தத்தைப் பற்றி எழுத வேண்டாம்.