முதல் கோடையைக் கிடங்கில் கழிக்காதீர்கள், தம்பி

தம்பி, இயற்கை வளப் பாதுகாப்புப் பட்டப்படிப்பில் இடம் கிடைத்து வரும் செப்டம்பரில் வான்கூவருக்கு வருவதாக எழுதியிருக்கிறீர்கள். அறை வாடகை, குளிர், மடிக்கணினி, படிப்பு முடிந்ததும் வேலை என்று நான்கு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். வாடகை அதிகம்தான். வான்கூவரில் குளிரைவிட மழைதான் பாடாய்ப் படுத்தும். மடிக்கணினி எதுவானாலும் போதும். நான்காவது கேள்விக்கு மட்டும் விரிவாக எழுதுகிறேன், அதில் சூடுபட்டவள் நான்.

இந்தத் துறையில் வேலையைத் தருவது கோடைக்காலம். மே தொடங்கி ஆகஸ்ட் வரை, வான்கூவர் இருக்கும் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் காடுகளில் மரம் அளக்கவும், நாற்று நடவும், ஓடைகளில் மீன் கணக்கெடுக்கவும் ஆள் தேடுவார்கள். 2009-ல் வந்த நான் முதல் கோடையை ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கிக் கழித்தேன். “கையில் காசு வரும், காட்டில் போய்க் கொசுக்கடி படுவானேன்” என்றார்கள் உடன் தங்கியிருந்தவர்கள். அடுத்த ஆண்டு விண்ணப்பித்த இடங்களில் எல்லாம் கேட்டது இரண்டே கேள்விகள்: களத்தில் வேலை செய்திருக்கிறாயா, வண்டி ஓட்டத் தெரியுமா? இரண்டுக்கும் இல்லை என்றேன். மதிப்பெண் பட்டியலை யாரும் விரித்துக்கூடப் பார்க்கவில்லை.

ஆகையால் முதல் ஆண்டிலேயே ஓட்டுநர் உரிமம் எடுத்துவிடுங்கள். காட்டுச் சாலைகளில் கட்டை ஏற்றிய லாரி வளைவில் எதிரே வந்தால் ஒதுங்க இடம் இருக்காது. எந்தக் கிலோமீட்டர் பலகையைத் தாண்டுகிறோம், எந்தத் திசையில் போகிறோம் என்று ரேடியோவில் சொல்லிக்கொண்டே ஓட்ட வேண்டும். அந்தக் குரலைக் கேட்டு லாரிக்காரர் வேகத்தைக் குறைப்பார். நம் உச்சரிப்பு அவருக்குப் புரியாதோ என்று நான் வாயே திறக்காமல் இருந்து வாங்கிக்கட்டிக்கொண்டது தனிக்கதை.

அடுத்தது காலணி. என் முதல் களநாளுக்குத் துணிக் காலணியோடு போனேன். நனைந்து பாசி பிடித்த விழுந்த மரத்தில் ஏறினேன், வழுக்கியது, பிடிமானத்துக்குப் பக்கத்துச் செடியைப் பற்றினேன். அது டெவில்ஸ் கிளப். தண்டெல்லாம் முள். இரண்டு வாரம் உள்ளங்கையிலிருந்து முள் எடுத்தேன். அடியில் ஆணி பதித்த பூட்ஸ் என்று ஒன்று இருக்கிறது. எழுத்துக்கூட்டிப் படித்தால் ‘கால்க்’, எல்லோரும் சொல்வது ‘கார்க்’. கடையில் நான் எழுத்துப்படி கேட்டு விழித்ததைப் போல நீங்கள் விழிக்க வேண்டாம்.

“மரம் எண்ணவா இத்தனை செலவு செய்து வந்தாய்?” என்று நம்மவர்கள் கேட்பார்கள். கேட்கட்டும். எனக்கு எரிச்சல் தருபவர்கள் வேறு வகை: விசாவுக்காக இந்தப் படிப்பில் சேர்ந்துவிட்டு, மழைக்கு வெளியே வராமல் வரைபட மென்பொருளோடே நான்கு ஆண்டுகளைக் கழித்து, பிறகு “இந்தத் துறையில் வேலையே இல்லை” என்று புதிதாக வருபவர்களிடம் புலம்புகிறவர்கள். அவர்கள் பேச்சைக் கேட்டுத் திகில் அடையாதீர்கள். ஆனால் ஒரு விஷயத்தில் கவனமாக இருங்கள். இந்த மாகாணத்தில் ‘தொழில்முறை வனவியலாளர்’ என்ற பட்டத்தைப் பதிவு பெற்றவர்கள் மட்டுமே சட்டப்படி பயன்படுத்தலாம். உயிரியலாளர்களுக்கும் தனிப் பதிவு உண்டு. பாதுகாப்புப் படிப்பின் பட்டம் கையில் இருப்பதாலேயே இவை தாமாக வந்துவிடா. இரண்டாம் ஆண்டிலேயே அந்தப் பதிவு அமைப்புகள் கேட்கும் பாடங்களின் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு, உங்கள் பாடத் தேர்வோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நான் நான்காம் ஆண்டின் கடைசியில்தான் பார்த்தேன். விடுபட்ட பாடங்களைப் படிக்க இன்னும் ஓராண்டு ஆனது, அந்தக் கட்டணத்தை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. விசா விதிகளை என்னிடம் கேட்காதீர்கள். அவை அடிக்கடி மாறும், அரசுத் தளத்தில் பாருங்கள்.

புத்தகத்தில் மட்டும் படித்துவிட்டு வந்தால் புரியாத ஒன்று நிலம். மாகாணத்தின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 94 விழுக்காடு மாகாண அரசின் பெயரில் இருக்கிறது. ஆனால் 2014-ல் ‘சில்கோட்டின்’ என்னும் பூர்வகுடி மக்களுக்குத் தங்கள் நிலத்தின் மீது பூர்வீக உரிமை உண்டு என்று கனடிய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தகைய நில உரிமையை அந்த நீதிமன்றம் அறிவித்தது அதுவே முதல் முறை. நீங்கள் எழுதப்போகும் எந்த மேலாண்மைத் திட்டமும் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போகாது.

இங்குள்ள காடுகளைக் காலநிலை, மண், செடிகொடி ஆகியவற்றை வைத்து மண்டலங்களாகப் பிரித்துப் படிக்கும் முறையை வகுத்தவர் விளாதிமிர் கிராயினா. நாஜிகளை எதிர்த்த செக் நாட்டு இயக்கத்தில் பணியாற்றி, 1948-ல் நாட்டைவிட்டுத் தப்பி இங்கே வந்து தாவரவியல் பேராசிரியர் ஆனவர். வந்தேறி ஒருவர் இந்த ஊர்க்காரர்களுக்கே அவர்கள் காட்டைப் படிக்கக் கற்றுக்கொடுத்தார் என்பதில் எனக்கு ஒரு சொந்தக்காரப் பெருமை. இப்போது உச்சிக் கிளை தலைகுனிந்திருந்தால் ஹெம்லாக், கூம்பிலிருந்து எலிவால் போல எட்டிப்பார்த்தால் டக்ளஸ் ஃபிர் என்று ஓடும் வண்டியிலிருந்தே சொல்லிவிடுவேன். என் பிள்ளைகள் கண்ணை உருட்டுவார்கள்.

அந்தத் திறமை வருவதற்கு முந்திய கதை ஒன்று. ஒருவழியாக எனக்குக் கிடைத்த முதல் கள வேலை வான்கூவர் தீவின் மேற்குக் கரையில். தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் மரத்தின் விட்டத்தை அளந்து, பழுது இருந்தால் குறிக்க வேண்டும். ஒரு பெரிய ரெட் சிடார் மரத்தில் அடியில் அகன்று மேலே போகப் போகக் குறுகும் நீண்ட வடு. ‘பட்டை சேதம்’ என்று எழுதினேன். எங்களோடு வந்திருந்த, அந்த மண்ணின் பூர்வகுடி அம்மையார் ஒருவர் என் தோளுக்கு மேலாகப் படித்தார். அவருடைய முன்னோர் பட்டையை உரித்த இடமாம் அது. கயிறும் பாயும் தொப்பியும் அதிலிருந்துதான். மரத்தைக் கொல்லாமல், வேண்டிய அளவு மட்டும் எடுத்திருக்கிறார்கள். 1846-க்கு முந்தைய வடு என்றால் அந்த மரத்துக்குச் சட்டப் பாதுகாப்பும் உண்டு என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன்.

அவர் திட்டவில்லை. என் கையைப் பிடித்து வடுவின் ஓரத்தில் வைத்தார். புதுப் பட்டை இருபுறமும் தடித்து உள்ளே சுருண்டு வளர்ந்திருந்தது. மழை கொட்டிக்கொண்டிருந்தது. நனையாத தாள் என்பதால் பென்சில் எழுத்து அப்படியே இருந்தது, அழிப்பதற்கு நேரம் பிடித்தது.