போர் விமானிகளில் உங்களை வியக்க வைத்தவர் யார்?

நிர்மல்ஜித் சிங் செகோன். லூதியானா பக்கம் இஸ்ஸேவால் கிராமத்துக்காரர். போர்க்கள வீரத்துக்கு நாடு தரும் மிக உயர்ந்த விருதான பரம் வீர் சக்ராவை இந்திய விமானப்படையில் இன்றுவரை வாங்கிய ஒரே ஆள் இவர்தான். வாங்கியது என்று சொல்வதுகூடத் தப்பு, இறந்த பிறகு கொடுத்தார்கள்.

1971 டிசம்பர் 14, பாகிஸ்தானோடு போர் நடந்துகொண்டிருந்த நேரம். 1948இல் இருந்து வந்த சர்வதேச உடன்பாட்டின்படி ஸ்ரீநகரில் போர் விமானங்களை நிறுத்துவதில்லை. சண்டை மூண்ட பிறகுதான் 18ஆவது ஸ்குவாட்ரனின் (விமானப் பிரிவின்) நாட் என்ற சின்னப் போர் விமானங்கள் அங்கே போயின. மலையும் புதுசு, அந்தக் குளிரும் புதுசு.

பெஷாவரிலிருந்து பாகிஸ்தானின் ஆறு சேபர் போர் விமானங்கள் குண்டு போட வந்தன. தயார் நிலையில் இருந்தவை இரண்டு நாட். முதலில் இன்னொரு நாட்டின் விமானி கும்மன் கிளம்பிவிட்டார். அவர் கிளப்பிய புழுதியில் ஓடுபாதை தெரியவில்லை, செகோன் காத்திருக்க வேண்டியதாயிற்று. புழுதி அடங்குவதற்குள் எதிரி தலைக்கு மேல் வந்துவிட்டான். மேலே ஏறிக்கொண்டிருக்கும் விமானத்துக்கு வேகமும் இருக்காது, வளைந்து தப்ப உயரமும் இருக்காது. சுடுகிறவனுக்கு அது சுலபமான இலக்கு. அப்படியே நின்றிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். மனிதர் கிளம்பினார். உடனே இரண்டு சேபர்களுக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொண்டார்.

கும்மனால் அவரைக் கண்டுபிடிக்க முடியவில்லை. மர உச்சி உயரத்தில், தனி ஆளாகச் சண்டை. இரண்டு சேபர்களைச் சேதப்படுத்தினார் என்கிறது விருதுக் குறிப்பு. பாகிஸ்தான் தரப்போ தங்கள் விமானங்கள் எல்லாம் திரும்பிவிட்டன என்கிறது. எனக்கு அந்தக் கணக்கு முக்கியமில்லை. புழுதிக்குள் காத்திருந்துவிட்டு, மேலே என்ன இருக்கிறது என்று தெரிந்தே கிளம்பினாரே, அதுதான். கடைசியில் விமானம் மலைப் பக்கம் விழுந்தது. உடல் கிடைக்கவே இல்லை. இரண்டே நாளில் டாக்காவில் பாகிஸ்தான் படையின் சரணடைவு, போர் முடிந்துவிட்டது.

டில்லி பாலம் விமானப்படை அருங்காட்சியகத்தில் ஒரு நாட் விமானத்தைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். இறக்கை முனைக்கு முனை ஏழு மீட்டர்கூட இல்லை. விமானி உட்காரும் இடத்துக்குள் என் தோள் நுழையுமா என்றே சந்தேகம். ஆறடிக்கு மேல் வளர்ந்த என் மகன் சுற்றிச் சுற்றி வந்துவிட்டு, "இதுக்குள்ள எப்படிப்பா மடங்கி உக்காருவாங்க?" என்று கேட்டான். செகோனும் நல்ல உயரம் என்று சொன்னேன்.