அந்தப் பாயை விரித்தவர்

கேள்வி: எனக்கு 23 வயது. தாராவியில் பத்துக்குப் பன்னிரண்டு அடி வீடு. மாதவிலக்கு நாட்களில் தண்ணீர் டிரம்முக்கும் கதவுக்கும் நடுவே தனிப்பாயில் படுத்துக் கிடந்ததைப் பற்றி இணையத்தில் எழுதினேன். பெரியப்பா மகன் அதைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். "போலீஸ் பிடித்துக்கொண்டு போகும்" என்கிறார் பெரியப்பா. அம்மா நான்கு நாட்களாகப் பேசவில்லை. முகம் தெரியாத ஒருவன் தினமும் ஆபாசமாக எழுதுகிறான். சயானில் நான் எத்தனை மணி ரயிலில் ஏறுகிறேன் என்றும் சொல்கிறான். எழுதுவதை நிறுத்திவிடட்டுமா, புனைபெயருக்கு மாறட்டுமா? கட்டுரையை இணைத்திருக்கிறேன்.
— பெயர் வேண்டாம், மும்பை

பதில்: என் கடைசி மகள் வயது உனக்கு, "நீ" என்றே எழுதுகிறேன்.

முதலில் அந்த ரயில் நேரக்காரன். அவன் எழுதிய எதையும் அழிக்காதே. தேதியும் கணக்கின் பெயரும் தெரியும்படி படமெடுத்து வை. "எனக்கு எழுதாதே" என்று ஒரே ஒருமுறை பதில் போட்டு, அதையும் படமெடு. வேண்டாமென்று பெண் தெளிவாகக் காட்டிய பிறகும் விடாமல் தொடர்புகொள்வதும், அவளுடைய இணையப் பயன்பாட்டைக் கண்காணிப்பதும் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆவது பிரிவில் குற்றம். முதல் முறைக்கே மூன்றாண்டு வரை சிறை உண்டு. தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்தில் பதிவுசெய்; அவனுக்கு உன் ரயில் தெரிந்திருப்பதால் காவல் நிலையத்துக்கும் நேரில் போ. தனியாகப் போகாதே. கொஞ்ச நாளைக்கு வேறு வண்டியில் ஏறு.

பெரியப்பாவின் போலீஸ் பயத்துக்கு ஒரு பழைய காரணம் இருக்கிறது. விரார் தாண்டினால் பால்கர். 2012 நவம்பரில் அங்கே இரண்டு இளம்பெண்களைக் கைது செய்தார்கள். ஒருத்தி, ஊரே கடையடைத்திருந்ததைக் கேள்வி கேட்டு ஃபேஸ்புக்கில் எழுதினாள். இன்னொருத்தி அதற்கு லைக் போட்டாள், அவ்வளவுதான்! அதைப் பார்த்துக் கொதித்து ஸ்ரேயா சிங்கல் என்ற இளம்பெண் தொடுத்த வழக்கில்தான், 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் அந்தப் பெண்கள் மீது போட்ட, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவையே ரத்து செய்தது. அவதூறுச் சட்டம் இன்னும் இருக்கிறது, மறுக்கவில்லை. உன் பாயைப் பற்றி நீ எழுதுவது அவதூறு ஆகாது.

புனைபெயர் வைத்துக்கொள், ஊராருக்காக. வீட்டில் அது செல்லாது. 1984இல் மாட்டுங்காவில் நானும் புனைபெயரில்தான் எழுதத் தொடங்கினேன். 25 ரூபாய் மணியார்டர் வந்தது. மணியார்டருக்கு நிஜப் பெயர்தானே வேண்டும்! தபால்காரர் மூன்றாம் மாடி வரை கேட்கும்படி அதைக் கூவினார். கதவைத் திறந்தவர் என் மாமனார். ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பத்திரிகை வந்தால் எனக்கு முன்னால் அவர் பிரித்துவிடுவார்.

உன் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். நன்றாக எழுதுகிறாய், அந்த டிரம்மில் தண்ணீர் சொட்டும் சத்தம் எனக்கே கேட்டது. ஆனால் அதில் அடையாளம் தெரிகிற ஆள் ஒருவர்தான், உன் அம்மா. பாயை விரிப்பவர் அவர், தட்டைத் தள்ளி வைப்பவர் அவர். தீட்டு என்று சட்டம் பேசுகிற பெரியப்பாவுக்கு ஒரு வரிகூட இல்லை. அம்மா உன் எழுத்தை வாட்ஸ்அப்பில், மைத்துனர் வீட்டாரோடு சேர்ந்து படிக்க நேர்ந்திருக்கிறது. நான்கு நாட்கள் பேசாமல் இருந்தது எனக்குக் குறைவாகத்தான் படுகிறது.

அவர் வயதுக்கு வந்தபோது ஊரில் அவருக்குப் பாய் எங்கே போட்டார்கள் என்று கேள். திண்ணையிலா, தொழுவத்திலா? சொன்னால், எழுதலாமா என்றும் கேட்டுக்கொள். எழுதியதை முதலில் அவருக்கு வாசித்துக் காட்டு.