லிட்டரேச்சர் படித்தால் ஸ்காலர்ஷிப் கிடைக்குமா?

கல்விப் பக்கம் | வாசகர் கேள்வி – பதில்

பி.ஏ., எம்.ஏ. ஆங்கிலம் படிப்பவர்களும் அவர்கள் வீட்டாரும் எழுதிய கடிதங்களில், உதவித்தொகை, பரிசு தொடர்பானவற்றை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம்.

என் மகள் அரசு கலைக் கல்லூரியில் பி.ஏ. ஆங்கிலம் முதலாண்டு. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. ஆங்கிலம் படிக்கிறவர்களுக்கென்று தனியாக ஏதாவது உண்டா? மத்திய அரசு ஸ்காலர்ஷிப்புக்கும் சேர்த்துப் போடலாமா?
– ஒரு தந்தை, விருத்தாசலம்

'ஆங்கில மாணவருக்கு மட்டும்' என்று எழுதி ஒட்டிய பணத்தைத் தேடி அலையாதீர்கள். இளங்கலையில் அப்படி இருப்பவை பெரும்பாலும் கல்லூரிக்குள்ளேயே கொடுக்கும் அறக்கட்டளைப் பரிசுகள்தான். பெரிய தொகை எல்லாப் பாடத்துக்கும் பொதுவான திட்டங்களில் இருக்கிறது. இலக்கியம் படிப்பவர்கள் அவை தங்களுக்கில்லை என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள்.

நீங்கள் கேட்பது சென்ட்ரல் செக்டர் ஸ்காலர்ஷிப். பிளஸ் டூவில் தன் பாடப்பிரிவில் 80 பெர்சன்டைலுக்கு மேல் இருக்க வேண்டும். இது 80 சதவீத மதிப்பெண் அல்ல. அந்தப் பிரிவில் எழுதிய நூறு பேரில் எண்பது பேரைவிட மேலே என்று பொருள். அதற்கான மதிப்பெண் ஆண்டுக்கு ஆண்டு மாறும். பெற்றோர் ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். இளங்கலைக்கு ஆண்டுக்கு 12,000, முதுகலைக்கு 20,000. நாடு முழுவதற்கும் ஆண்டுக்கு 82,000 இடங்கள், பாதி பெண்களுக்கு. புதிதாக விண்ணப்பிக்கும் வாய்ப்பு முதலாண்டில் மட்டும்தான். 'அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்' என்பது இங்கே செல்லாது.

சிக்கல் எங்கே என்றால், வேறு உதவித்தொகை வாங்கினாலும் தரலாம் என்று புதுமைப் பெண் திட்டம் சொல்கிறது. மத்தியத் திட்டமோ, வேறெதையும் வாங்கக் கூடாது என்கிறது. அந்த உறுதிமொழியில் உங்கள் மகள் கையெழுத்திட வேண்டும். கணக்குப் போட்டால் பி.ஏ. மூன்றாண்டும் இரண்டிலும் ஆண்டுக்கு ஒரே 12,000தான். எம்.ஏ. நிச்சயம் என்றால் மத்தியத் திட்டம் லாபம், ஏனென்றால் புதுமைப் பெண் தொகை முதல் பட்டத்தோடு நின்றுவிடும். எம்.ஏ. உறுதியில்லை என்றால் மாதாமாதம் கைக்கு வருவதை விட வேண்டாம். மத்தியத் தொகையைப் புதுப்பிக்க ஒவ்வோர் ஆண்டும் 50 சதவீத மதிப்பெண்ணும் 75 சதவீத வருகையும் கேட்பார்கள். எதுவானாலும் கையெழுத்துக்கு முன், கல்லூரியில் உதவித்தொகை விண்ணப்பங்களைப் பார்க்கும் நோடல் ஆபீசரிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டையும் வாங்கிவிட்டுப் பிறகு திருப்பிக் கட்டுவது பெரிய தலைவலி.

தேசிய ஸ்காலர்ஷிப் தளத்தில் விண்ணப்பித்து இரண்டு மாதமாகிறது. 'இன்ஸ்டிடியூட் வெரிஃபிகேஷன் பெண்டிங்' என்றே நிற்கிறது. என்ன செய்வது?
– பி.ஏ. முதலாண்டு மாணவர், அறந்தாங்கி

தளத்தில் ஒன்றும் கோளாறில்லை. உங்கள் காகிதம் கல்லூரி அலுவலகத்தில் தூங்குகிறது. 'சப்மிட்' அழுத்தியதோடு வேலை முடிந்ததாக நினைப்பதுதான் பொதுவான தவறு. விண்ணப்பத்தை அச்செடுத்து, போனஃபைட், வருமானச் சான்று, மதிப்பெண் பட்டியல் நகலுடன் நோடல் ஆபீசர் கையில் கொடுக்க வேண்டும். அவர் கணினியில் சரிபார்த்து அனுப்பினால்தான் அடுத்த கட்டத்துக்குப் போகும். கல்லூரி சரிபார்ப்பதற்கும் தனிக் கடைசித் தேதி உண்டு. அது தாண்டினால் விண்ணப்பம் அங்கேயே முடிந்தது. 'டிஃபெக்டிவ்' என்று திரும்பி வந்தால் பயப்படாதீர்கள். அது நிராகரிப்பு அல்ல, திருத்தி அனுப்பு என்பதுதான்.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கென்றே இருக்கும் தொல்லை இனிஷியல். மதிப்பெண் பட்டியலில் 'கவிதா எஸ்', ஆதாரில் 'எஸ் கவிதா', வங்கியில் 'கவிதா செல்வராஜ்'. நமக்கு மூன்றும் ஒரே ஆள், கணினிக்கு மூன்று பேர். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இருப்பதை மூலமாக வைத்து ஆதாரையும் வங்கிக் கணக்கையும் அதற்கு ஏற்ப மாற்றுங்கள். தலைகீழாகப் போனால் ஆண்டுக்கணக்கில் இழுக்கும். பின்னால் வெளிநாட்டுக்குப் போடும்போது பாஸ்போர்ட்டிலும் இதே கதைதான், இனிஷியலை விரித்து எழுதச் சொல்வார்கள். எப்படி விரித்தீர்களோ அப்படியே எல்லா விண்ணப்பத்திலும் எழுதுங்கள்.

இன்னொன்று: வங்கிக் கணக்கில் ஆதார் எண் கொடுத்திருப்பது வேறு, நேரடிப் பணப் பரிமாற்றத்துக்காக ஆதாரை அந்தக் கணக்கோடு 'சீடிங்' செய்திருப்பது வேறு. இரண்டு கணக்கு வைத்திருந்தால், கடைசியாகச் சீடிங் செய்த கணக்கில்தான் பணம் விழும். 'பணம் வரவில்லை' என்று எழுதுகிறவர்கள் மறந்துபோன பழைய கணக்கை ஒருமுறை பாருங்கள்.

எம்.ஏ. ஆங்கிலம் இறுதியாண்டு, எம்.பி.சி. பிரிவு. நெட் எழுதி ஜே.ஆர்.எஃப். வாங்க வேண்டும். இப்போதே எழுதலாமா? சாதிச் சான்றிதழ் இருக்கிறது, போதுமா?
– மாணவி, தருமபுரி

இப்போதே எழுதலாம். நெட் என்பது கல்லூரி உதவிப் பேராசிரியர் பணிக்கான தேசியத் தகுதித் தேர்வு, அதில் மேலே வருபவர்களுக்குக் கிடைக்கும் ஆய்வு உதவித்தொகைதான் ஜே.ஆர்.எஃப். நெட் முடிவு வந்த இரண்டு ஆண்டுக்குள் எம்.ஏ.வை முடித்துவிட வேண்டும். பொதுப் பிரிவுக்கு 55, ஓ.பி.சி., பட்டியல் பிரிவுகளுக்கு 50 சதவீத மதிப்பெண் தேவை. ஜே.ஆர்.எஃப்.புக்கு வயது வரம்பு 30, பெண்களுக்கு 5 ஆண்டு தளர்வு.

ஆனால் உங்களிடம் உள்ள சாதிச் சான்றிதழ் போதாது. ஆண்டுதோறும் பலர் இங்கேதான் விழுகிறார்கள். நம் மாநிலத்தின் பி.சி., எம்.பி.சி. சான்று மத்தியத் தேர்வுகளில் செல்லாது. ஓ.பி.சி. என்று மத்திய அரசுப் படிவத்தில், 'நான்-கிரீமி லேயர்' (வசதி படைத்த பிரிவில் இல்லாதவர்) என்று குறிப்பிட்ட தனிச் சான்று இ-சேவையில் விண்ணப்பித்து வாங்க வேண்டும். அதற்கு முன் உங்கள் சமூகம் மத்தியப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். மாநிலப் பட்டியலில் உள்ள எல்லாம் அங்கே இல்லை. வருமான வரம்பு 8 லட்சம். அந்தக் கணக்கில் பெற்றோரின் சம்பளமும் விவசாய வருமானமும் சேராது. இது தெரியாமலே 'அப்பா சம்பளம் கூடுதல்' என்று பொதுப் பிரிவில் போடுகிறவர்கள் உண்டு. ஆனால் பெற்றோர் வகிக்கும் பதவியை வைத்தும் கிரீமி லேயர் பார்ப்பார்கள், அதையும் விசாரியுங்கள்.

தேர்வு மூன்று மணி நேரம், இடைவேளை கிடையாது. முதல் தாள் 50 கேள்வி, 100 மதிப்பெண். இரண்டாம் தாள் ஆங்கிலம், பாடக் குறியீடு 30, 100 கேள்வி, 200 மதிப்பெண். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பில்லை, ஆகவே ஒன்றையும் வெற்றாக விடாதீர்கள். பாடத்திட்டத்தில் பத்து அலகுகள். நாடகம், கவிதை, புனைகதையை மட்டும் உருப்போட்டுவிட்டு மொழி கற்பித்தல், இந்தியாவில் ஆங்கிலத்தின் வரலாறு, பண்பாட்டு ஆய்வு, ஆய்வு முறையியல் ஆகியவற்றைத் தொடாமல் போவதால்தான் உதவிப் பேராசிரியர் தகுதி கிடைத்தும் ஜே.ஆர்.எஃப். நழுவுகிறது. இரண்டு தாளின் மொத்தமும் சேர்த்துத்தான் தரவரிசை. ஆங்கிலம் படித்தவர்கள் முதல் தாளில் தரவு விளக்கம், எண் தொடர் கேள்விகளை வெறுத்து ஒதுக்குகிறார்கள். தினம் அரை மணி நேரம் ஒதுக்கினால் எளிதாகக் கிடைக்கிற மதிப்பெண் அது.

கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000, பிறகு 42,000 ரூபாய், வீட்டு வாடகைப் படி தனி. விருதுக் கடிதம் மூன்றாண்டு செல்லும். அதற்குள் பிஎச்.டி.யில் பதிவு செய்துவிட வேண்டும்.

வெளிநாட்டு எம்.ஏ. ஸ்காலர்ஷிப்புக்கான என் நோக்க உரையின் (ஸ்டேட்மென்ட் ஆஃப் பர்ப்பஸ்) முதல் பாராவை அனுப்பியிருக்கிறேன். திருத்தித் தர முடியுமா?
– பெயர் வெளியிட விரும்பாதவர், நாகர்கோவில்

ஆங்கிலத்தில் நீங்கள் எழுதியிருப்பதன் சாரம் இது: 'சிறு வயது முதலே இலக்கியத்தின் மீது தீராக் காதல் கொண்ட நான், சொற்கடலில் முத்துக் குளிக்க விழைகிறேன்.' தேர்வுக் குழுவில் இருப்பவர் அன்று காலை படிக்கும் முப்பதாவது முத்துக் குளியல் இதுவாக இருக்கும். வேதியியல் மாணவர் இப்படி எழுதினால்கூட மன்னித்துவிடுவார்கள். ஆங்கிலம் படித்தவரிடம் எதிர்பார்ப்பது வேறு.

வேடிக்கை என்னவென்றால், நல்ல சரக்கு உங்கள் கடிதத்தின் அடியில் ஒரே வரியில் கிடக்கிறது: தமிழ் நாவல் ஒன்றின் ஆங்கில மொழிபெயர்ப்பில் உறவுமுறைச் சொற்களை எண்ணிப் பார்த்து ஆய்வேடு எழுதியிருக்கிறீர்கள். அதை மேலே கொண்டுவாருங்கள். இப்படி: 'நான் ஆராய்ந்த மொழிபெயர்ப்பில் அத்தை என்ற சொல் சில இடங்களில் ஆன்ட் ஆகிறது, சில இடங்களில் அத்தையாகவே நிற்கிறது. சண்டை வரும் காட்சிகளில்தான் அது பெரும்பாலும் தமிழில் நிற்கிறது என்று எண்ணிப் பார்த்தபோது தெரிந்தது. ஏன் என்பதைத்தான் தொடர்ந்து படிக்க விரும்புகிறேன்.' காதல் என்ற சொல்லே இல்லை, இருப்பது படிக்கிறவருக்குத் தெரிந்துவிடும்.

அடுத்த பாராவில் அந்தக் கேள்விக்கு அந்தப் பல்கலையின் எந்தப் பாடம், எந்த ஆசிரியரின் ஆய்வு உதவும் என்று எழுதுங்கள். பல்கலையின் பெயரை மாற்றிப் போட்டாலும் அந்தப் பாரா பொருந்துகிறதென்றால் அதை அடித்துவிடலாம். வேர்டிலிருந்து ஒட்டும்போது சில தளங்களில் வளைந்த மேற்கோள்குறிகள் கேள்விக்குறியாகிவிடும், முன்னோட்டத்தில் பாருங்கள். வார்த்தை வரம்பா, இடைவெளியும் சேர்ந்த எழுத்து வரம்பா என்பதையும் கவனியுங்கள். தாண்டினால் சில தளங்கள் சொல்லாமலே வாலை வெட்டிவிடும்.

பேராசிரியரிடம் பரிந்துரைக் கடிதம் கேட்டால், 'நீயே எழுதிக் கொண்டு வாம்மா, கையெழுத்துப் போடுறேன்' என்கிறார். எழுதலாமா?
– எம்.ஏ. மாணவி, மதுரை

வேண்டாம். மூன்று கடிதமும் ஒரே நடையில், உங்கள் நோக்க உரையின் நடையிலேயே இருப்பது படிப்பவருக்கு உடனே தெரியும். பல அமைப்புகள் இதை விதிமீறலாகவே பார்க்கின்றன. முடியாது என்று அவரிடம் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டியதில்லை. 'சார், உங்களுக்குச் சிரமம் இல்லாம குறிப்பு எடுத்துத் தர்றேன்' என்று ஒரு பக்கம் கொடுங்கள். அவரிடம் எந்தப் பருவத்தில் எந்தத் தாள் படித்தீர்கள், என்ன கட்டுரை எழுதினீர்கள், அதில் அவர் சிவப்பு மையில் என்ன குறித்தார், விண்ணப்பம் எதற்கு, கடைசித் தேதி எது என்பவை அதில் இருக்கட்டும். கட்டுரையின் நகலையும் வையுங்கள். எழுதத் தயங்குவதற்கு முக்கியக் காரணம் மறதிதான்.

நான்கு வாரம் முன்பே கேளுங்கள், பத்து நாள் முன்பு ஒருமுறை நினைவூட்டுங்கள். கல்லூரி மின்னஞ்சல் முகவரி அவருக்கு இருந்தால் படிவத்தில் அதையே கொடுங்கள், தனி முகவரியைச் சில இடங்களில் ஏற்பதில்லை. கடிதத்தைப் பதிவேற்றச் சொல்லி அவருக்கு வரும் இணைப்பு 'ஸ்பேம்' பெட்டியில் விழுந்திருக்கலாம், அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

இங்கிலாந்தில் எம்.ஏ. ஆங்கிலம் படிக்க செவனிங், காமன்வெல்த் இரண்டில் எது சுலபம்? அமெரிக்கா எப்படி?
– கல்லூரி கௌரவ விரிவுரையாளர், திருவண்ணாமலை

இரண்டும் பிரிட்டிஷ் அரசுப் பணத்தில் தரும் ஸ்காலர்ஷிப்புகள், சுலபம் எதுவுமில்லை. செவனிங்குக்கு 2,800 மணி நேர வேலை அனுபவம் கேட்பார்கள், அதாவது சுமார் இரண்டாண்டு. படித்து முடித்ததும் இரண்டாண்டு சொந்த நாட்டில் இருந்தாக வேண்டும். அவர்கள் தேடுவது தலைமைப் பண்பு, ஆகவே உங்கள் வகுப்பறை வேலையையே அதற்குச் சான்றாக்குங்கள். காமன்வெல்த் முதுகலைத் தொகை ஆறு வளர்ச்சிக் கருப்பொருள்களின் கீழ் வருகிறது. விக்டோரியா காலக் கவிதை என்று போட்டால் இடமிருக்காது. முதல் தலைமுறை மாணவருக்கு ஆங்கிலம் கற்பித்தல் என்று போட்டால் அணுகல், எல்லோரையும் உள்ளடக்குதல் என்ற கருப்பொருளில் பொருந்தும். நீங்கள் கௌரவ விரிவுரையாளராக இருப்பதால் இது உங்களுக்கு இயல்பான வழி.

அமெரிக்காவில் எம்.ஏ.வுக்கு முழுப் பணம் அரிது, பிஎச்.டி.க்கு அதுவே வழக்கம். கட்டணம் தள்ளுபடி, மாதச் செலவுக்குத் தொகை, மருத்துவக் காப்பீடு தந்து, பதிலுக்கு முதலாண்டு மாணவர்களுக்கு எழுத்துப் பயிற்சி வகுப்பு எடுக்கச் சொல்வார்கள். இந்திய, அமெரிக்க அரசுகள் சேர்ந்து தரும் ஃபுல்பிரைட்-நேரு முதுகலைத் தொகையை நம்ப வேண்டாம், அதன் பாடப் பட்டியலில் ஆங்கில இலக்கியம் இல்லை. அமெரிக்க மேற்படிப்புச் சேர்க்கைக்கு எழுதும் ஜி.ஆர்.இ.யின் ஆங்கில இலக்கியப் பாடத் தேர்வு 2021லேயே நிறுத்தப்பட்டுவிட்டது, அதற்குக் கோச்சிங் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

பிஎச்.டி. விண்ணப்பத்தில் முடிவைத் தீர்மானிப்பது பெரும்பாலும் எழுத்து மாதிரிதான், பொதுவாக 15 முதல் 20 பக்கம். ஆய்வேட்டின் நடுவிலிருந்து ஓர் அத்தியாயத்தைக் கிழித்து அனுப்பினால் எடுபடாது. தனியாக நிற்கும் ஒரு வாதமாக அதை மாற்றி எழுத இரண்டு மாதம் ஒதுக்குங்கள். பெரும்பாலான கடைசித் தேதிகள் டிசம்பரில் வரும், ஆகவே செப்டம்பரில் தொடங்குவது தாமதம். விண்ணப்பக் கட்டணம் பல்கலைக்கு 75 முதல் 125 டாலர் வரை ஆகும். கட்டண விலக்கு உண்டா என்று துறைக்கு மின்னஞ்சல் எழுதிக் கேட்பதில் வெட்கமில்லை. மூன்றாண்டு பி.ஏ. மட்டும் என்றால் சில இடங்களில் ஏற்க மாட்டார்கள், எம்.ஏ.வும் இருந்தால் பிரச்சினை இல்லை.

ஒரு அரியர் இருந்தது, அடுத்த முறையே பாஸ் செய்துவிட்டேன். மொத்த மதிப்பெண்ணில் நான்தான் முதல். தங்கப் பதக்கம் கிடைக்குமா? ஆங்கிலத்தில் கவிதையும் எழுதுவேன்.
– பி.ஏ. இறுதியாண்டு, காரைக்குடி

பல்கலை ரேங்க், பதக்கத்துக்குப் பொதுவான விதி எல்லாத் தாளையும் முதல் முறையிலேயே முடித்திருக்க வேண்டும் என்பதுதான். ஆகவே கிடைக்காது. அறக்கட்டளைப் பரிசுகள் சிலவற்றில் குறிப்பிட்ட ஒரு தாளின் மதிப்பெண்ணை மட்டும் பார்ப்பார்கள். துறைத் தலைவரிடம் அந்த விதிகளைக் கேட்டு வாங்கிப் படியுங்கள், கேட்க ஆளில்லாமல் நின்றுபோன பரிசுகளும் இருக்கும்.

கவிதைக்கு அரியர் தடையில்லை. சாகித்திய அகாதெமியின் யுவ புரஸ்கார் 35 வயதுக்குட்பட்டவர்களுக்கு, 50,000 ரூபாய், ஆங்கிலமும் அதிலுள்ள 24 மொழிகளில் ஒன்று. ஆனால் அச்சான நூல் வேண்டும். நூல் இல்லாதவருக்கு நேஷனல் புக் டிரஸ்ட் நடத்தும் பி.எம்.-யுவா இருக்கிறது: 30 வயதுக்குள், எழுதப்போகும் நூலுக்கான திட்டத்தை அனுப்பித் தேர்வானால் ஆறு மாதத்துக்கு மாதம் 50,000. ஒவ்வொரு சுற்றுக்கும் தலைப்பை அவர்களே அறிவிப்பார்கள், கையிலிருக்கும் கவிதைத் தொகுப்பை அதற்கு அனுப்பாதீர்கள்.