பழைய வண்டியை ஆன்லைனில் வாங்குவதும் விற்பதும்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

பல வருடங்களாக, வாங்குபவர்கள் சார்பில் பழைய வண்டிகளைப் பரிசோதித்துச் சொல்வதுதான் என் வேலை. ஆன்லைனில் பார்த்த வண்டியைப் பற்றி நீங்கள் அனுப்பிய கேள்விகளில் அடிக்கடி வந்தவற்றை எடுத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

அண்ணா, ஓஎல்எக்ஸ் மாதிரி தளத்தில் நேரடி ஓனரிடம் வாங்குவதா, கார்ஸ்24, ஸ்பின்னி மாதிரி கம்பெனியில் வாங்குவதா? கம்பெனியில் விலை கூடுதலாக இருக்கிறதே?

இரண்டும் வேறு வேறு தொழில், தம்பி. 2006-ல் தொடங்கிய ஓஎல்எக்ஸ் ஒரு விளம்பரப் பலகை. வண்டியைப் பார்ப்பது, விலை பேசுவது, பணம் கொடுப்பது, பெயர் மாற்றுவது எல்லாம் உங்கள் பாடு. 2015-ல் வந்த கார்ஸ்24, ஸ்பின்னி, 2016-ல் மெக்சிகோவில் வந்த கவாக் போன்றவை நடுவில் நிற்கின்றன. விற்பவரிடம் தாங்களே வண்டியை எடுத்து, சோதித்து, வேலை பார்த்து விற்கின்றன.

இந்த இரண்டாவது வகை ஏன் வந்தது என்று புரிந்தால் விலையும் புரியும். வண்டியில் என்ன குறை என்று விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. அதனால் நல்ல வண்டிக்கும் சந்தேக விலைதான் கேட்பார்கள். நல்ல வண்டி வைத்திருப்பவர் வெறுத்துப்போய் விற்காமலே இருந்துவிடுவார், சந்தையில் மோசமான வண்டிகள் மிஞ்சும். பொருளாதார அறிஞர் ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970-ல் பழைய கார் சந்தையை வைத்தே இதை விளக்கினார், 2001-ல் நோபல் பரிசும் பெற்றார். அமெரிக்காவில் சேசிஸ் எண்ணைக் கொடுத்தால் விபத்து, ரிப்பேர் விவரங்களைத் தொகுத்துத் தரும் நிறுவனங்கள் நெடுநாளாக இருக்கின்றன. இந்தியாவிலோ நைஜீரியாவிலோ பட்டறையில் ரொக்கம் கொடுத்து டிங்கரிங் பார்த்தால் அது எந்தக் கணக்கிலும் ஏறாது. அந்தத் தகவல் இடைவெளியை அடைப்பதற்குத்தான் கம்பெனி கூடுதல் விலை கேட்கிறது. வரியும் உண்டு. ஜிஎஸ்டி பதிவுள்ள டீலர் தன் லாபத்தின் மீது 18 சதவீதம் கட்ட வேண்டும், 2025 ஜனவரி முதல் மின்சாரக் காருக்கும் அதே விகிதம். தனிநபர் தனிநபருக்கு விற்றால் அது கிடையாது.

என் கருத்து: கூட வந்து பார்க்க நல்ல மெக்கானிக் கிடைத்தால் நேரடி ஓனரிடம் வாங்குங்கள். கிடைக்காவிட்டால் கம்பெனி. ஆனால் வாரண்டித் தாளில் எவையெல்லாம் அடங்காது என்று எழுதியிருக்கும் பகுதியை முதலில் படியுங்கள்.

இந்தக் கம்பெனிகள் நிலைத்து நிற்குமா? பாதியில் மூடிவிட்டால்?

நியாயமான பயம்தான். ஓஎல்எக்ஸ் நிறுவனமே பல நாடுகளில் ஓஎல்எக்ஸ் ஆட்டோஸ் என்ற பெயரில் கார்களை நேரடியாக வாங்கி விற்றது. 2023-ல் அந்தத் தொழிலிலிருந்து வெளியேறியது, இந்தியப் பகுதியை கார்டிரேட் வாங்கியது. வண்டி யார்டில் நிற்கும் ஒவ்வொரு நாளும் அதில் முதல் முடங்குகிறது, மதிப்பும் இறங்குகிறது. விளம்பரம் மட்டும் போடும் தளத்துக்கு இந்தச் சுமை கிடையாது. உங்களைப் பொறுத்தவரை, கம்பெனி பெரியது என்று ஆர்சி (வண்டியின் பதிவுச் சான்று) பெயர் மாற்றத்தைத் தள்ளிப்போட விடாதீர்கள்.

இரண்டு வருடம் முன்பு என் பைக்கை ஆன்லைனில் விற்றேன். வாங்கியவர் பெயர் மாற்றவில்லை. இப்போது அபராதச் சலான் எல்லாம் என் போனுக்கு வருகிறது. என்ன செய்வது?

சலானை விடுங்கள். அந்த பைக் யார் மீதாவது மோதினால் என்ன ஆகும் என்பதுதான் என் கவலை. 2018-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் சட்டப்படி ஓனர், இழப்பீட்டுப் பொறுப்பும் அவருக்கே. அந்த வழக்கில் கார் பல கை மாறியிருந்தது, விபத்து நடந்தபோது ஓட்டியவருக்கும் முதல் ஓனருக்கும் சம்பந்தமே இல்லை. ஆனாலும் ஆர்சியில் அவர் பெயர் இருந்ததால் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது.

மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 50-ன்படி, ஒரே மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளுக்குள் நீங்கள் ஆர்டிஓவுக்குத் தெரிவிக்க வேண்டும். வெளிமாநிலம் என்றால் 45 நாள். வாங்கியவருக்கு 30 நாள். படிவம் 29 விற்பனை அறிவிப்பு, 30 பெயர் மாற்ற விண்ணப்பம். இரண்டிலும் வெற்றுக் கையெழுத்து போட்டுக் கொடுத்துவிட்டு, "அவர் மாத்திக்குவார்" என்று வருவதுதான் நம் ஊரில் நடக்கும் பெரிய தவறு. நான் பார்த்த சண்டைகளில் பெரும்பாலானவை இங்கேதான் ஆரம்பித்தன.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது: விற்ற ரசீது, வாங்கியவரின் அடையாள நகல், பணம் வந்த வங்கிப் பதிவு மூன்றையும் எடுத்துக்கொண்டு ஆர்டிஓவில் எழுத்து மூலம் கொடுங்கள். நகலில் சீல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாங்கியவருக்குப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள். இன்சூரன்ஸ் உயிரோடு இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள், அது மிக முக்கியம்.

அடுத்த முறை டீலருக்கு விற்றால், அவர் ஆர்டிஓ அங்கீகாரம் பெற்றவரா என்று கேளுங்கள். 2023 ஏப்ரல் முதல், அப்படிப்பட்ட டீலரிடம் வண்டியை ஒப்படைக்கும்போது படிவம் 29சி மூலம் பதிவேட்டில் ஏற்றலாம். அதிலிருந்து வண்டிக்கு அவர்தான் பொறுப்பு.

ஆன்லைனில் விற்கும் ஒருவர் ராணுவத்தில் இருக்கிறாராம், இடமாற்றம் வந்துவிட்டதாம், புல்லட் பைக்கைப் பாதி விலைக்குத் தருகிறாராம். அடையாள அட்டை, கேன்டீன் கார்டு எல்லாம் அனுப்பினார். டோக்கன் அட்வான்ஸ் மட்டும் கேட்கிறார்.

அனுப்பாதீர்கள், அக்கா. அது மோசடி. அந்த அட்டை வேறு யாரோ ஒருவருடையது. வண்டியைத் தொட்டுப் பார்க்காமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்கக் கூடாது. இதே ஆட்கள் நீங்கள் விற்கும்போதும் வருவார்கள். "பணம் போடுகிறேன், இந்த கியூஆரை ஸ்கேன் பண்ணுங்க" என்பார்கள். யுபிஐயில் பணம் வாங்க ஸ்கேனும் வேண்டாம், பின் எண்ணும் வேண்டாம். ஏற்கெனவே அனுப்பியிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள், நேரம் போகப் போகப் பணத்தை நிறுத்துவது கஷ்டம்.

விளம்பரத்தில் 32,000 கிலோமீட்டர்தான் ஓடியது என்கிறார். போட்டோவை வைத்து எப்படிக் கண்டுபிடிப்பது?

கிலோமீட்டரைக் குறைப்பது சில நிமிட வேலை, அதனால் மீட்டரை விட்டு மற்றதைப் பாருங்கள். பிரேக் பெடல் ரப்பர், ஸ்டீயரிங் தோல், டிரைவர் சீட்டின் ஓரம், கியர் குமிழ் இவற்றின் படத்தைக் கேளுங்கள். பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தால் அது 32,000 ஓடிய வண்டி இல்லை. டயர் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும்: 3219 என்றால் 2019-ன் 32-வது வாரம் செய்தது. 2021 வண்டியில் 2024 டயர் இருந்தால் ஏன் அதற்குள் மாற்றினார் என்று கேளுங்கள். எல்லாக் கண்ணாடிகளிலும் தயாரிப்புக் குறி ஒத்துப்போகிறதா? ஒன்று மட்டும் வேறு என்றால் அந்தப் பக்கம் அடி வாங்கியிருக்கலாம். பானட், கதவு போல்ட்டுகளில் பெயின்ட் உதிர்ந்திருந்தால் யாரோ கழற்றியிருக்கிறார்கள்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டிக்குத் தனி கவனம் வேண்டும். 2015 சென்னை வெள்ளத்தையும் 2023 மிக்ஜாம் புயலையும் பார்த்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சீட் பெல்ட்டை முழு நீளமும் இழுத்துப் பாருங்கள், அடியில் சேற்றுக் கறை இருக்கும். சீட்டைத் தாங்கும் தண்டவாளத்தில் துருவைத் தேடுங்கள். கார்பெட்டைக் கழுவலாம், அந்த இடங்களை யாரும் கழுவுவதில்லை. அப்புறம், நீங்கள் போகும்போது எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். முன்னாலேயே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று கிளம்பிவிடுங்கள்.

நைரோபியில் வேலை பார்க்கிறேன். இங்கே தளங்களில் பெரும்பாலும் ஜப்பானிலிருந்து வந்த கார்கள். எதை நம்புவது?

கென்யாவில் எட்டு வயதுக்கு மேற்பட்ட காரை இறக்குமதி செய்ய முடியாது, அதனால் முதல் பதிவு வருடத்தைச் சரிபாருங்கள். ஜப்பானில் ஏலம் விடும்போது வண்டியின் நிலையைக் குறித்துத் தரும் ஏலத் தாளைக் கேளுங்கள். அதில் தரம் 'ஆர்' அல்லது 'ஆர்ஏ' என்றிருந்தால் விபத்துக்குப் பின் சரிசெய்யப்பட்ட வண்டி. விற்பவர் காட்டும் நகலை நம்ப வேண்டாம், சேசிஸ் எண்ணை வைத்து நீங்களே வெளியில் சரிபாருங்கள். பாகிஸ்தானின் பாக்வீல்ஸ் தளத்தில் இந்தச் சரிபார்ப்பே ஒரு தனிச் சேவை.

லோன் இருக்கும் காரை வாங்கலாமா?

வாங்கலாம். உங்கள் பணம் நேராக வங்கியின் லோன் கணக்குக்குப் போகட்டும். லோன் பாக்கி இல்லை என்ற வங்கியின் என்ஓசியும், ஆர்சியில் உள்ள லோன் குறிப்பை நீக்கும் படிவம் 35-ம் கைக்கு வந்த பிறகு மீதியைக் கொடுங்கள்.

இன்சூரன்ஸும் காரோடு சேர்ந்து வந்துவிடுமா?

மூன்றாம் நபர் காப்பீடு, அதாவது உங்கள் வண்டியால் மற்றவருக்கு ஏற்படும் பாதிப்புக்கானது, தானாக வரும். உங்கள் வண்டிச் சேதத்துக்கான காப்பீடு வராது, 14 நாளுக்குள் இன்சூரன்ஸ் கம்பெனியில் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். நோ கிளெய்ம் போனஸ், அதாவது இழப்பீடு கேட்காமல் இருந்ததற்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி, ஆளுக்கு உரியது, வண்டிக்கு அல்ல. அதை விற்பவர் தன் அடுத்த வண்டிக்கு எடுத்துப் போவார், ஆகவே பிரீமியத்தில் உள்ள அந்தத் தள்ளுபடித் தொகையை நீங்கள் கட்ட வேண்டிவரும். விலை பேசும்போதே அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.