விடியற்காலை 4 மணிக்கு யார் ரேடியோ கேட்பார்கள்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வேலை மாற்றலாகி அமெரிக்காவில் சான் அன்டோனியோ நகருக்கு வந்திருக்கிறேன். காரில் ரேடியோவைத் திருப்பினால் ஸ்பானிய நிலையங்களாகவே வருகின்றன. "ஸ்பானிய ரேடியோ பிறந்ததே எங்கள் ஊரில்தான்" என்கிறார் அலுவலக நண்பர் ஒருவர். உண்மையா? முதலில் மொழிப்பற்றால் தொடங்கியிருப்பார்கள், வியாபாரம் பிறகு வந்து ஒட்டிக்கொண்டிருக்கும் என்பது என் ஊகம். இப்போது பாட்டைவிட விளம்பரம்தான் அதிகம். இதைப் பற்றி எழுத முடியுமா?

ந., டெக்சாஸ்

அன்புள்ள ந.,

உங்கள் நண்பர் சொன்னது பாதி சரி. உங்கள் ஊகம் அந்த அளவுக்குக்கூடத் தேறாது.

உங்கள் ஊரில் 1946-இல் ஒலிபரப்பைத் தொடங்கிய நிலையம் கே.சி.ஓ.ஆர். நடுத்தர அலையில் 1350 கிலோஹெர்ட்ஸ். நடத்தியவர் ரவுல் கொர்தேஸ். மெக்சிகோவின் வெராக்ரூஸ் மாநிலத்தில் 1905-இல் பிறந்து, இளவயதில் டெக்சாஸ் வந்தவர். மெக்சிகோ வம்சாவளியினர் ஒருவர் சொந்தமாக வைத்து, முழுநேரமும் ஸ்பானிய மொழியில் நடத்திய முதல் அமெரிக்க நிலையம் என்று இதைச் சொல்வார்கள். அந்த நீளமான அடைமொழியில் ஒரு சொல்லையும் உருவக்கூடாது. ஏனென்றால் ஸ்பானிய நிகழ்ச்சிகள் அதற்கு இருபது வருஷம் முன்பே அமெரிக்க வானொலியில் இருந்தன. நிலையம்தான் அவர்கள் கையில் இல்லை.

அப்போது நடந்தது ஒரு வகை உள்வாடகை வியாபாரம். ஆங்கில நிலையங்களுக்கு விளம்பரம் கிடைக்காத நேரங்கள் சில உண்டு. விடியற்காலை, ஞாயிறு காலை, பின்னிரவு. அந்த நேரத்தை ஒருவர் மொத்தமாகக் காசு கொடுத்து வாங்குவார். பிறகு பேக்கரிக்காரர், மரச்சாமான் கடைக்காரர் என்று ஒவ்வொருவராகப் போய்ப் பார்த்து விளம்பரம் பிடிப்பார். அறிவிப்பாளரும் அவரே, பாக்கி வசூலிப்பவரும் அவரே. கொடுத்த பணத்துக்கு மேல் வந்தால் லாபம். நிலையத்துக்காரர் மனம் மாறினால் அடுத்த வாரமே நேரம் போய்விடும். கேள்வி கேட்க முடியாது.

லாஸ் ஏஞ்சலஸில் பெத்ரோ கொன்சாலெஸ் என்பவருக்குக் கிடைத்தது காலை 4 முதல் 6 மணி வரை. மெக்சிகோ புரட்சியில் பாஞ்சோ வில்லாவின் படையில் தந்தி அடித்தவர் இவர். அவருடைய குழுவின் பெயர் 'லோஸ் மத்ருகதோரெஸ்', அதாவது விடியுமுன் எழுகிறவர்கள். நான்கு மணிக்கு எவன் கேட்பான் என்றுதான் நிலையத்துக்காரர்கள் அந்த நேரத்தை மலிவாகக் கொடுத்தார்கள். தோட்டத்துக்கும் கட்டட வேலைக்கும் போகிற ஜனம் அந்த நேரத்தில்தான் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தது. விளம்பரம் கொடுத்த கடைக்காரர்களுக்கு அது தெரிந்திருந்தது. பொருளாதார மந்தத்தில் மெக்சிகோக்காரர்களைக் கூட்டம் கூட்டமாக எல்லை தாண்டி அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. மைக்கில் அதை எதிர்த்துப் பேசிய கொன்சாலெஸ் 1934-இல் பாலியல் வழக்கில் சிறைக்குப் போனார். குற்றம் சாட்டிய பெண் பிற்பாடு தான் சொன்னது பொய் என்று ஒப்புக்கொண்டும் உடனே விடுதலை கிடைக்கவில்லை. 1940-இல் வெளியே விட்டார்கள், விட்ட கையோடு மெக்சிகோவுக்கு அனுப்பிவிட்டார்கள்.

உங்கள் ஊர்க் கதை இவ்வளவு கசப்பில்லை. சான் அன்டோனியோ சந்தைப் பக்கத்தில் பிளாசா தெல் சகாத்தே என்று ஒரு சதுக்கம் இருந்தது. மாலையானால் சாப்பாட்டுக் கடைகளுக்கு நடுவே பாடகர்கள் நின்று சில்லறைக்குப் பாடுவார்கள். அங்கே குடும்பத்தோடு பாடிய லிடியா மென்டோசாவின் குரலைக் கேட்டுத் தன் அரைமணி நேர நிகழ்ச்சிக்கு அழைத்துப் போனவர் மானுவெல் கொர்தேஸ் (ரவுல் வேறு, இவர் வேறு). பிறகு ஒரு சத்து டானிக் விளம்பரத்தின் தயவில் வாரம் மூன்றரை டாலர் நிலையாக வந்தது. வாடகைக்கு இனிக் கவலையில்லை என்று குடும்பமே கோடீஸ்வரர்கள் போல உணர்ந்ததாக லிடியா பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். டெக்சாஸ் மெக்சிகோக்காரர்களின் மிகப் பெரிய பாடகிக்கு வானொலியில் முதல் மாதவருமானம் மாதிரி ஒன்றைக் கொடுத்தது அந்த டானிக்தான். இதில் மொழிப்பற்று எங்கே முடிந்து வியாபாரம் எங்கே தொடங்குகிறது என்று என்னால் கோடு போட முடியவில்லை.

ரவுல் கொர்தேஸும் இதே உள்வாடகையில்தான் தொடங்கினார். 'லா பிரென்சா' நாளிதழில் நிருபராக இருந்தவர், கே.எம்.ஏ.சி. நிலையத்தில் நேரம் வாங்கி, விளம்பரம் பிடித்து நிகழ்ச்சி நடத்தினார். 1944-இல் சொந்த நிலையத்துக்கு உரிமம் கேட்டு விண்ணப்பித்தார். போர்க்காலம். ஆங்கிலம் தவிர வேறு எந்த மொழியில் ஒலிபரப்பினாலும் அரசு சந்தேகமாகப் பார்த்த நேரம். மெக்சிகோ வம்சாவளி மக்களைப் போர் முயற்சிக்குப் பின்னால் திரட்டுவதும் தன் நோக்கம் என்று மனுவில் எழுதினார். கெட்டிக்காரர். நிலையம் வந்தபோது போரே முடிந்திருந்தது!

உரிமம் கையில் வந்ததும் பகல் முழுக்கப் பேச இடம் கிடைத்தது. ஆனால் பெரிய கம்பெனிகளின் விளம்பரம் சுலபத்தில் வரவில்லை. கேட்பவர்கள் இத்தனை பேர், அவர்களும் சோப்பு வாங்குகிறவர்கள்தான் என்று விளம்பரக்காரர்களுக்குப் புரியவைப்பதே பெரும்பாடாக இருந்தது. ஒரு சமூகம் வாங்கும் சக்தி உள்ளதாகக் கணக்கில் ஏறுவதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. அதே ஆண்டுகளில் கொர்தேஸ் லூலாக் என்ற மெக்சிகோ வம்சாவளியினர் அமைப்பின் தேசியத் தலைவராகவும் இருந்தார். டெக்சாஸ் பள்ளிகளில் மெக்சிகோக் குழந்தைகளைத் தனியே உட்காரவைப்பது சட்டவிரோதம் என்று 1948-இல் தீர்ப்பு வந்ததே, டெல்காதோ வழக்கு, அதன் பின்னால் நின்ற அமைப்பு அது. விளம்பரம் விற்றவரும் இதில் நின்றவரும் ஒரே ஆள்தான்.

1955-இல் தொலைக்காட்சியும் தொடங்கினார், சேனல் 41. அது யு.எச்.எஃப். அலைவரிசை. அன்றைய பெட்டிகள் பலவற்றில் அது எடுக்காது, தனியாக ஒரு கருவி வாங்கி மாட்ட வேண்டும். விளம்பரக்காரர்களோ மறுபடியும் முதல் பாடத்திலிருந்து ஆரம்பித்தார்கள். நஷ்டம் தாங்காமல் 1961-இல் விற்றார். வாங்கிய குழுவில் அவருடைய மருமகன் எமிலியோ நிக்கோலஸும் இருந்தார், மெக்சிகோவின் எமிலியோ அஸ்காராகாவும் இருந்தார். 1930-இல் மெக்சிகோ நகரில் எக்ஸ்.இ.டபிள்யூ. என்ற ராட்சத வானொலியைத் தொடங்கிய அதே அஸ்காராகா. அந்தச் சேனலை வேராக வைத்து ஒரு வலைப்பின்னல் வளர்ந்தது. அதில் சட்டம் அனுமதிக்காத அந்நியர் கட்டுப்பாடு இருக்கிறது என்று 1986-இல் முடிவாகி, நிலையங்களை விற்க வேண்டி வந்தது. வாங்கியது வாழ்த்து அட்டை போடும் ஹால்மார்க் கம்பெனி. உங்கள் வீட்டு டிவியில் வரும் யூனிவிஷன் அந்த வலைப்பின்னல்தான். பிற்பாடு கே.சி.ஓ.ஆர். வானொலியும் யூனிவிஷன் கைக்கே போய்ச் சேர்ந்தது.

எக்ஸ்.இ.டபிள்யூ. பற்றி இங்கே ஒரு வரியோடு நிறுத்திக்கொள்கிறேன். அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

அன்புடன்.